மூளைப் படம் கற்பித்த ஆசிரியர்கள்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாறு என்றவுடன் நமக்கு ரப்பரும் செம்பனையுமே நினைவுக்கு வரும். 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், தென்னமரம் தோட்டத்தில் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது என்பதை ஆசிரியர் பலர் அறிவர். அத்தோட்டங்களில் உழைத்த மக்களின் உயிரோடு தொடர்புடைய மருத்துவக் கல்வியின் வரலாறோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதன் ஒரு கிளையை ஈண்டுக் காண்போம். மூளையையும் தண்டுவடத்தையும் படமெடுத்து, அப்படத்தைப் படித்து நோயறியும் கலை அது. நரம்பியல் கதிரியல் என்பது அதன் பெயர்.

விடியற்காலையில் மரம் சீவப் போன ஒருவர் திடீரெனச் சாய்கிறார் என்று கொள்வோம். ஒரு கை தொங்கிவிடுகிறது; பேச்சுக் குழறுகிறது. மூளைக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்ததா, அன்றிக் குழாய் வெடித்து இரத்தம் கசிந்ததா? புறத்தே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மருத்துவமோ நேர்மாறானது. அடைப்புக்கு, நான்கரை மணி நேரத்திற்குள் உறைவைக் கரைக்கும் மருந்து செலுத்துவர். கசிவுக்கு அதே மருந்தைச் செலுத்தினால் உயிர் போகும். காய்ச்சலுக்குக் கொயினாவும் புண்ணுக்குக் கட்டும் அளித்த தோட்டத்து டிரெஸ்ஸர் இதனை அறிய வழியே இல்லாதிருந்தது. நகரத்துப் பெரிய மருத்துவர்க்கும் நெடுங்காலம் ஐயமற அறியும் வழி இருந்ததில்லை.

1895இல் ஜெர்மானிய அறிஞர் ரோன்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். அக்கதிர் மண்டையோட்டைக் காட்டியது. உள்ளிருக்கும் மூளையைக் காட்டவில்லை. 1918இல் அமெரிக்க அறுவை மருத்துவர் டாண்டி, மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி அவற்றின் வடிவைப் படமாக்கினார். 1927இல் லிஸ்பன் நகரத்து ஏகாஸ் மோனிஸ், கழுத்துக் குழாயில் மருந்து செலுத்தி மூளையின் இரத்த ஓட்டத்தையே படத்தில் வரைந்து காட்டினார். ஆயினும் கட்டி எங்கிருக்கிறது என்று அப்படங்கள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு நிழல் சற்றே விலகியிருப்பதைக் கொண்டு உய்த்துணர வேண்டியிருந்தது. அக்கூர்மையை நூலால் மட்டும் பெறுதல் அரிது. பழகிய கண்ணுடைய ஒருவரின் அருகிருந்தே பயில வேண்டும்.

அவ்வாறு பயிற்றியவருள் தலையாயவர் சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் வாழ்ந்த எரிக் லிஷோல்ம். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், லண்டனிலிருந்து ஜேம்ஸ் புல் என்னும் இளம் மருத்துவர் அவரிடம் சென்று கற்றார். கற்றதைப் பரப்புமுன் போர் மூண்டது. இராணுவ மருத்துவராகக் கீழ்த்திசைக்கு வந்த புல், 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட அதே கொடிய காலம் அது. போர் முடிந்து லண்டன் திரும்பிய புல், குவீன் ஸ்குவேர் நரம்பியல் மருத்துவமனையில் பலருக்கும் இக்கலையைப் பயிற்றினார். இன்று அம்மருத்துவமனையின் நரம்பியல் கதிரியல் துறை லிஷோல்மின் பெயரையே தாங்கி நிற்கிறது. மாணவர் பணிபுரிந்த இடத்திற்கு ஆசிரியரின் பெயர்! குருகுல மரபை அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

தமிழகத்திலும் இம்மரபின் வேர்களைக் காணலாம். சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் தோன்றியது. மூளை அறுவைத் துறையை வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950இல் பி. இராமமூர்த்தியும் தொடங்கினர். இருவரும் கடல் கடந்து சென்று ஆசிரியரிடம் பயின்று வந்தவர்களே. மலாயாவிலோ, மருத்துவம் பயில விரும்பியவர்க்குச் சிங்கப்பூரில் 1905இல் ஒரு பள்ளி அமைந்தது. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் முதல் மாணவர்கள் 1964இல்தான் சேர்ந்தனர். அதன்பின் போதனா மருத்துவமனையும், கதிரியல் முதுநிலைக் கல்வியும், அதற்கும் மேற்பட்ட தனித்துறைப் பயிற்சியும் படிப்படியாக வந்தன.

1971இல் லண்டனின் விம்பிள்டனில், ஹவுன்ஸ்பீல்டு என்னும் பொறியாளர் அமைத்த சி.டி. ஸ்கேன் கருவி முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 'கருவியே மூளையைக் காட்டிவிடும்போது ஆசிரியர் எதற்கு?' என்று வினவலாம். அன்றும் ஹவுன்ஸ்பீல்டின் அருகில் ஜேம்ஸ் அம்புரோஸ் என்னும் கதிரியல் மருத்துவர் இருந்தார் என்பதை மறத்தல் ஆகாது. பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது; ஒரு நோயாளிக்கே நூற்றுக்கணக்கான படங்கள் குவிந்தன. படம் பெருகப் பெருக, படிக்கும் கண்ணின் தேவையும் பெருகிற்று.

ஆகவேதான் கதிரியலில் பட்டம் பெற்ற மருத்துவரும் மீண்டும் மாணவராகிறார். ஓராண்டோ ஈராண்டோ, சில நாடுகளில் அதற்கு மேலோ, போதனா மருத்துவமனையில் மூத்தவரின் அருகமர்ந்து நாள்தோறும் படம் படிக்கிறார். முதலில் தம் கருத்தை எழுதுகிறார், மூத்தவர் திருத்துகிறார். அறுவையில் கண்ட உண்மையோடு தாம் எழுதியதை ஒப்பிட்டுத் தம் பிழையை உணர்கிறார். சிலர் மேலும் பயின்று, தொடைக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி மூளையின் அடைப்பை நீக்கவும் கற்கின்றனர். அம்முறையின் பயன் 2015இல் வெளியான ஆய்வுகளால் ஐயமின்றி நிறுவப்பட்டது.

கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். நான்கரை மணி நேரக் கணக்கில் அத்தொலைவு சிறிதன்று. இன்று படத்தை நொடியில் அனுப்பலாம். ஆயினும் அதனைப் பெற்றுப் படிக்கும் ஒருவர் மறுமுனையில் இருந்தாக வேண்டும். கருவியைப் பணம் கொடுத்து ஓராண்டில் வாங்கிவிடலாம். அதனைப் படிக்கும் கண்ணை அவ்வாறு வாங்க இயலாது. ஓர் ஆசிரியர் மற்றொருவருக்கு அருகிருந்து அளித்தே அது வளர்கிறது. மருத்துவமனைக்குக் கருவி கேட்கும் நாம், அதைக் கற்பிக்கும் ஆசிரியரையும் சேர்த்துக் கேட்போமாக.