குத்துக்கல்லில் கட்டிய குதிரை

தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசை என்று ஒரு ஊர். சீஸனுக்குக் குற்றாலம் போனவர்கள் பெயரையாவது கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கப்போவதில்லை. ஆனால், பெயரைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது குதிரை! குத்துக்கல் என்றால் நட்டுவைத்த கல். வலசை என்றால் இடம்விட்டு இடம் பெயர்ந்து போவது. குதிரை என்பது வலசை போகப் பிறந்த பிராணி. அதைப் பிடித்துக் குத்துக்கல்லில் கட்டினால் என்ன ஆகும்? பாண்டியர்கள் கட்டிப் பார்த்தார்கள்!

குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாகி, தென்காசி வழியாக ஓடி, தாமிரபரணியில் கலந்து, காயல் பக்கம் கடலுக்குப் போகிறது. அந்தக் காயல்தான் 13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டின் பெரிய துறைமுகம். ஏடன், ஹோர்முஸ், கிஷ் என்று அரபிக் கடலின் அந்தக் கோடியிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்குச் சொல்கிறார்: பாண்டிய நாட்டுக்கும் மற்ற இந்தியத் துறைமுகங்களுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 10,000 குதிரைகள். ஒன்றின் விலை 220 பொன் தினார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் பணம் கொடுத்துவிட வேண்டுமாம்! மொத்தம் 22 லட்சம் தினார். கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்தும் இந்தப் பணம் போனது என்கிறார்.

சரி, வருஷா வருஷம் ஏன் வாங்கணும்? குதிரை என்ன கற்பூரமா, ஏற்றினால் கரைந்து போக?

கிட்டத்தட்ட அப்படித்தான்! 1290-களில் இங்கே வந்த மார்க்கோ போலோ ஆச்சரியப்பட்டுப் போகிறார். அப்போது நாட்டை ஐந்து சகோதரர்கள் ஆண்டார்களாம். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார்கள். வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை. காரணம்? லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்து சேராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! இங்கே பிறந்த குட்டிகளோ கால் கோணி, சவாரிக்கு லாயக்கில்லாமல் இருந்தன. இன்னொரு விஷயத்தையும் போகிறபோக்கில் சொல்கிறார் போலோ. குதிரைக்கு இங்கே சோறு போட்டார்களாம். வெறும் சோறு இல்லை, இறைச்சி போட்டு வேகவைத்த சோறு!

வஸ்ஸாஃப் இன்னும் விவரமாக எழுதியிருக்கிறார். பச்சை பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லி, வெண்ணெயில் புரட்டிய தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். குதிரை கொழுக்க வேண்டும் என்பதற்காக, கயிறும் முளையுமாக லாயத்தில் 40 நாள் கட்டிப் போட்டுவிடுவார்கள். 41-ம் நாள் எந்தப் பழக்கமும் கொடுக்காமல், அங்கவடிகூட இல்லாமல், ஏறி விரட்டுவார்கள். கொஞ்ச காலத்தில் காற்றாய்ப் பறந்த குதிரை மந்தமாகி, ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும்.

இந்த இரண்டு பேரையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. வஸ்ஸாஃப் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. போலோவும் வியாபாரிகள் வாயால் கேட்டதைத்தான் நிறைய எழுதினார். விற்றவன் சொன்ன கதையில் வாங்கியவன் முட்டாளாகத்தானே இருப்பான்? எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். நம் ஊர் வெயிலுக்கும், ஈ பரப்பும் சர்ரா மாதிரி நோய்க்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். ஆனால், ஒருவர் வெனிஸ்காரர், இன்னொருவர் பாரசீகர். இருவருமே குதிரைக்குச் சமைத்துப் போட்டதைச் சொல்கிறார்கள். அதை என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஏனென்றால், குதிரையின் வயிறு அப்படி! மாட்டின் முதல் இரைப்பை 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். குதிரைக்கு 10, 15 லிட்டர்தான். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதை அடக்குகிற உமிழ்நீர் மென்றால்தான் ஊறும். அதனால்தான் திறந்தவெளியில் அது ஒரு நாளில் பதினாறு மணி நேரம்வரை நடந்து நடந்து கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிறது. சோறும் தானியமும் ஒரேயடியாக உள்ளே போனால், ஜீரணமாகாத மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து நாசம் செய்யும். வயிற்றுவலியில் புரளும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் குதிரையால் முடியாது. அடுத்து குளம்புக்குள் அழற்சி. கால் ஊன்ற முடியாது.

பாண்டியர்கள் கொடுமைக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. 220 பொன் கொடுத்து வாங்கியதை மாப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார்கள். பாலும் வெண்ணெயும் கொடுத்து, ஓர் அடி நடக்கவிடாமல்!

1311-ல் மாலிக் காபூர் தெற்கிலிருந்து திரும்பும்போது 5,000 குதிரைகளைக் கொண்டுபோனதாக அமீர் குஸ்ரு எழுதினார். பரணியின் கணக்கு 20,000. வாங்கிக் குவித்ததில் மிஞ்சியதும் வடக்கே போனது. பிறகு மதுரையை இழந்த பாண்டியர் வம்சம் கடைசியில் ஒதுங்கியது தென்காசிப் பக்கம்தான். அங்கே காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15-ம் நூற்றாண்டு ஆள்.

இப்போது ஓர் அமெரிக்கரைப் பார்ப்போம். ஜெய்ம் ஜாக்சன். குதிரைக்குக் குளம்பு செதுக்குவதுதான் தொழில். 1980-களில் அமெரிக்க மேற்குப் பகுதியில் திரியும் மஸ்டாங் காட்டுக் குதிரைகளின் பின்னாலேயே போய்க் கவனித்தார். ஒருவரும் லாடம் கட்டவில்லை. குளம்போ கல் மாதிரி! நடைதான் காரணம் என்று முடிவு கட்டி, 2006-ல் ஒரு புத்தகம் போட்டார். குதிரையை லாயத்தில் அடைக்காதே, புல்வெளி நடுவிலும் விட்டுவிடாதே. வேலி ஓரமாகவே சுற்றி ஒரு பாதை அமை என்பது அவர் யோசனை. தண்ணீர் ஒரு மூலையில், புல் எதிர்மூலையில். சின்னக் கண்ணி வைத்த வலைக்குள் காய்ந்த புல்லை அடைத்துத் தொங்கவிட்டால், குதிரை அள்ளி விழுங்க முடியாது. இழுத்து இழுத்து, மென்று மென்று தின்ன வேண்டும். தண்ணீர் குடிக்கணும்னா நடக்கணும். ஆஸ்திரேலியக் காட்டுக் குதிரைகள் ஒரு நாளில் சராசரி 15 கிலோமீட்டருக்கு மேல் நடப்பதாக அளந்திருக்கிறார்கள். வீட்டில் அவ்வளவு முடியாது. பாதியாவது நடக்குமே!

குத்துக்கல்வலசைப் பக்கம் தோட்டம் வைத்திருந்து, ஆசைக்கு ஒரு குதிரையும் வளர்க்கிறவர் இருந்தால், பெரிய செலவில்லை. தோட்டத்து ஓரமாகச் சுற்றி இரண்டாவதாக ஒரு வேலி, நாலு வலை, ஒரு தொட்டி. கொள்ளா? வேலை செய்கிற குதிரைக்கு ஊறவைத்து அளவாகக் கொடுங்கள். வெண்ணெய் வேண்டாம்.