போர் முடிந்தும் முடியாத சிகிச்சை
(புனே நகரின் இன்னொரு வரலாறு)

புனே என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் சிவாஜி மகாராஜாவும் பேஷ்வாக்களும்தான். ஆனால் இந்த ஊருக்கு அதிகம் பேசப்படாத வேறொரு பெருமையும் உண்டு. போரில் கை, கால் இழந்தவர்களும், முதுகுத்தண்டு அடிபட்டவர்களும் நூறு ஆண்டுகளாக நாடி வரும் ஊர் இது. கட்கியிலும் வானவடியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் அந்த நிறுவனங்களின் வாசலைத் தாண்டித்தான் தினமும் போய் வருகின்றன. அவற்றின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

தொழில் கற்றுத் தந்த பள்ளி

முதல் உலகப் போரில் (1914-18) பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து சென்றார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படையில் நம்மவர்களும் இருந்தார்கள். போரில் இறந்தவர்களுக்குக் கல்வெட்டு வைத்தாகிவிட்டது. கால் போய்த் திரும்பியவனை என்ன செய்வது? ஏர் பிடித்துப் பிழைத்தவன் ஒற்றைக் காலோடு சேற்றில் இறங்க முடியுமா? கையில் கிடைத்த சொற்பப் பென்ஷன் குடும்பத்துக்குக் காணாது.

இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் 1917இல் பம்பாயில் குவீன் மேரி தொழிற்பள்ளி தோன்றியது. அப்போதைய பம்பாய் கவர்னர் வில்லிங்டன் பிரபுவின் மனைவி முன்னின்று தொடங்கிய பள்ளி இது. (1919இல் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்தவரும் இதே வில்லிங்டன்தான்.) பின்னர் பள்ளி கட்கிக்கு இடம் மாறியது. ஊனமுற்ற சிப்பாய்க்குத் தர்மம் செய்வதைவிட ஒரு தொழிலைக் கையில் கொடுப்பதே மேல் என்பது இதன் கொள்கை.

செயற்கைக் கால்

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் படை சுமார் 25 லட்சம் பேராகப் பெருகியது. காயம்பட்டு வந்தவர்களுக்காக 1944இல் புனேயில் செயற்கை அவயவ மையம் நிறுவப்பட்டது. பல் கட்டுவது போல ஒரு முறை கால் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. வெட்டுப்பட்ட பகுதியில் சதை நாளாக நாளாகச் சுருங்கும், பொருத்திய கால் தளர்ந்து உரசும், உரசினால் புண். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாக அளவெடுத்தே ஆகவேண்டும். இல்லாத காலில் வலிக்கிறது என்று சொல்பவரை வீட்டார், "பிரமை, விடுங்க" என்பார்கள். மருத்துவம் அதை உண்மையான நரம்பு வலி என்கிறது.

1971 போரில் கண்ணிவெடியில் காலை இழந்த இயன் கார்டோசோ, பின்னர் செயற்கைக் காலோடு ஒரு பட்டாலியனுக்கும் ஒரு பிரிகேடுக்கும் தலைமை தாங்கினார். நல்ல கால் அமைந்தால் மனிதன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவரே சாட்சி.

சக்கர நாற்காலி

முதுகுத்தண்டு காயத்தின் கதை இன்னும் கடினமானது. உடல் பாதி மரத்துப்போனவர் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் படுக்கைப் புண் வரும். சிறுநீர் வழியே கிருமி ஏறும். ஒரு காலத்தில் குண்டுக்குத் தப்பியவர்களையும் இவ்விரண்டும் கொண்டு போயின. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் இதை மாற்றிக் காட்டினார். நோயாளியை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் போடுவது, சிறுநீர்ப் பையைக் கவனிப்பது, விளையாட வைப்பது என்பவை அவருடைய வழிகள்.

1965, 1971 போர்களுக்குப் பிறகு, 1974இல் கட்கியில் பாராப்ளீஜிக் மறுவாழ்வு மையம் உருவானது. 1965 போரில் முதுகெலும்பில் குண்டு பாய்ந்த முரளிகாந்த் பேட்கர், சிகிச்சைக்காக நீந்தப் பழகி, 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பத்மஸ்ரீ கிடைத்தது 2018இல்தான்! நாற்பத்தாறு ஆண்டுகள்!

காகிதத்தோடு ஒரு போர்

முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் வந்தது. ஆனால் ஊனப் பென்ஷனுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஊனம் பணியால் உண்டானதாகவோ, பணியால் அதிகமானதாகவோ இருக்கவேண்டும். இந்த ஒரு வரியில் சிக்கித் தவித்தவர்கள் ஏராளம். குண்டுக் காயம் கண்ணுக்குத் தெரியும். வலிப்பும் மனநோயும் தெரியுமா?

தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985இல் சேர்ந்து, 1994இல் வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்டவர். அவர் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய் பற்றிய குறிப்பு இல்லையென்றால், அவர் ஆரோக்கியமாகவே சேர்ந்தார் என்று கொள்ளவேண்டும், பணி காரணமல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் மும்பையிலும் கிளைகள் உண்டு.

ஆகவே, உறவில் யாராவது ராணுவத்தில் இருந்து வந்திருந்தால் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மெடிக்கல் போர்டு தாள்களையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். "பழைய காகிதம்தானே" என்று கடைக்குப் போட்டுவிட்டுப் பின்னால் அலைவானேன்?

இன்னொன்று. ஜவான்கள் படையில் இந்தி பழகிவிடுகிறார்கள். ஊரிலிருந்து மகனைப் பார்க்க வரும் தாய்க்கும், மனைவிக்கும் தமிழ் தவிர வேறொன்றும் தெரியாது. டாக்டர் சொல்வதை விளக்கவும், படிவம் நிரப்பவும் ஒரு தமிழ்க் குரல் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்குப் பாதி பாரம் குறையும். பொங்கலும் ஆண்டு விழாவும் சிறப்பாக நடத்தும் நம் சங்கம், ஞாயிறுதோறும் இரண்டு பேரை இதற்கென்று அனுப்பலாம். கட்கி ஒன்றும் தூரமில்லை.