ஹரிக்கேனா, ஜீரோவா? 1942 ஏப்ரலில் இலங்கை வானம்

இரண்டாம் உலகப்போரின் விமானச் சண்டை என்றதும் எல்லோருக்கும் லண்டனும் பேர்ள் ஹார்பரும் தான் ஞாபகம் வரும். ராமேஸ்வரத்தைத் தாண்டினால் வந்துவிடுகிற இலங்கையின் வானத்தில், அதுவும் திரிகோணமலைக்கு நேர் மேலே, அதே போரின் பெரிய விமானச் சண்டை ஒன்று நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்தச் சண்டையின் லாப நஷ்டக் கணக்கு படிக்கப் படிக்க சுவாரஸ்யமானது. ஏனென்றால் இரண்டு தரப்பும் எழுதி வைத்த கணக்கு, இரண்டுமே தப்பு!

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8ல் ரங்கூன். அடுத்து இலங்கை தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜப்பானிய அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தார். அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷொக்காகு, ஜுய்காகு. ஐந்துமே பேர்ள் ஹார்பரைத் தாக்கியவை. ஆறாவதான காகா பழுது பார்க்கப் போயிருந்தது.

ஏப்ரல் 4 மாலை, லியனார்ட் பிர்ச்சால் என்ற கனடா விமானி தன் கேட்டலினா கடல் விமானத்தில் ரோந்து போகும்போது இந்தக் கப்பற்படையைப் பார்த்துவிட்டார். செய்தியை அனுப்பிக் கொண்டிருக்கும் போதே ஜீரோக்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. ஆள் பிழைத்து, போர் முடியும் வரை ஜப்பானியரிடம் கைதியாக இருந்தார். செய்தி மட்டும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது இரண்டு விமானங்களையும் தராசில் வைத்துப் பார்க்கலாம். ஜீரோவின் எஞ்சின் 950 குதிரைத்திறன் அளவு தான். ஹரிக்கேன் இரண்டாம் மாடலின் எஞ்சின் 1280. இதை மட்டும் பார்த்தால் ஹரிக்கேன் ஜெயிக்க வேண்டும். ஆனால் ஜீரோவின் எடை (எரிபொருள், குண்டு எல்லாம் சேர்த்து) சுமார் 2400 கிலோ, ஹரிக்கேன் சுமார் 3500 கிலோ. டன் ஒன்றுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தால் ஜீரோவுக்கு 395, ஹரிக்கேனுக்கு 365. இறக்கையின் ஒரு சதுர மீட்டர் சுமக்கும் எடையோ ஜீரோவுக்கு 107 கிலோ, ஹரிக்கேனுக்கு 146. இந்த இரண்டாவது எண் தான் விஷயம். எடை குறைவாகச் சுமக்கும் இறக்கை சின்ன வட்டத்தில் திரும்பும், வேகம் குறைந்தாலும் கீழே விழாது.

அந்த எடையை ஜப்பானியர் சும்மா குறைக்கவில்லை. விமானிக்குப் பின்னால் கவசத் தகடு கிடையாது. குண்டு துளைத்தால் தானே அடைத்துக் கொள்ளும் பெட்ரோல் டேங்க் கிடையாது. சரியாக நாலு குண்டு பட்டால் ஜீரோ தீபாவளி மத்தாப்பு தான். ஹரிக்கேன் ஓட்டை ஓட்டையாகி வீடு வந்து சேரும்.

ஆனால் அந்த நாலு குண்டைப் போடும் இடத்துக்கு முதலில் வர வேண்டுமே! ஐரோப்பாவில் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐ ஹரிக்கேன் வட்டத் திருப்பத்தில் மடக்கி விடும். அங்கே பிழைக்க வைத்த அதே வித்தையை ஜீரோவிடம் காட்டினால் இரண்டு சுற்றில் ஜீரோ பின்னால் வந்துவிடும். போதாததற்கு, வெப்ப நாடுகளுக்காக மூக்கின் கீழே மாட்டிய தூசி வடிகட்டி ஹரிக்கேனின் வேகத்தையும் கொஞ்சம் தின்றது.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. புச்சிடா தலைமையில் 120க்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பு மீது வந்தன. அவற்றில் 36 ஜீரோ. பிர்ச்சாலின் எச்சரிக்கை இருந்தும் கொழும்பு ராடார் நேரத்துக்கு எதுவும் சொல்லவில்லை. ரத்மலானை விமானதளத்தில் இருந்த 30ம் படைப்பிரிவு தலைக்கு மேல் எதிரி வந்த பிறகு தான் ஓடி ஏறியது. கிளம்பிய 21 ஹரிக்கேனில் 8 போயின. கொழும்பு குதிரைப் பந்தய மைதானத்தையே ஓடுதளமாக்கி அதில் 258ம் படைப்பிரிவை வைத்திருந்தார்கள். ஜப்பானியருக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. அங்கிருந்து 14 ஹரிக்கேன் தொந்தரவில்லாமல் கிளம்பின. 9 போயின. கடற்படையின் ஆறு ஃபுல்மர் விமானங்களில் 4 காலி. டார்பிடோவோடு திரிகோணமலையிலிருந்து அந்நேரம் பார்த்து வந்து சேர்ந்த ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ்களும் வீழ்ந்தன. பாவம், அவை துணிபோர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள்.

ஜப்பானியர் இழந்தது? ஏழே ஏழு. அதில் ஒன்று தான் ஜீரோ, மற்ற ஆறும் குண்டுவீச்சு விமானங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திடீரென்று மாட்டிக் கொண்டதால் தான் தோல்வி என்று சொல்வது வழக்கம். ஆனால் மாட்டிக் கொண்ட 30ம் பிரிவின் இழப்பு 38 சதவீதம், நிம்மதியாகக் கிளம்பிய 258ன் இழப்பு 64 சதவீதம். நாலு நாள் கழித்து ஏப்ரல் 9ல் திரிகோணமலையில் ராடார் முன்கூட்டியே சொல்லியும் 8 ஹரிக்கேனும் 3 ஃபுல்மரும் போயின. ஆக, எச்சரிக்கை இல்லாதது மட்டும் காரணமில்லை. எண்ணிக்கை, உயரம், பழக்கம் எல்லாம் சேர்ந்து தான் அடித்திருக்கிறது.

அதே சமயம் "இருபது ஹரிக்கேன், ஃபுல்மருக்கு ஒரு ஜீரோ" என்று விகிதம் போடுவதும் நியாயமில்லை. ஹரிக்கேனின் வேலை ஜீரோவை விரட்டுவதல்ல, துறைமுகத்தைக் குண்டு போட வந்தவற்றைத் தடுப்பது. அந்த வேலையைச் செய்யும் போது தான் மேலே இருந்த ஜீரோக்கள் முதுகில் இறங்கின. சொந்த மண் மேல் சண்டை என்பதால், விமானம் போனாலும் பாராசூட்டில் குதித்துப் பிழைத்த விமானிகள் உண்டு. நடுக்கடலில் கப்பலை விட்டு வந்த ஜப்பானியருக்கு அந்த வசதி இல்லை.

இனி அறிவிப்புகள். கொழும்பில் இருபதுக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டிஷ் தரப்பு சொன்னது. நிஜம் ஏழு. ஜப்பானிய விமானிகளும் உண்மையான எண்ணிக்கையை விட எக்கச்சக்கமாகச் சொல்லிக் கொண்டார்கள். எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒரே விமானத்தை மூன்று பேர் சுடுவார்கள், புகை விட்டுக் கொண்டு அது கீழே பாயும், மூன்று பேரும் தன் கணக்கில் ஒன்று எழுதுவார்கள். லண்டன் மேல் 1940 செப்டம்பர் 15ல் நடந்த சண்டையிலும் 185 என்று அறிவித்தார்கள், ஜெர்மானியர் இழந்தது சுமார் 60. வரவுப் பக்கத்தை விட்டுவிட்டு, எதிராளி தன் செலவுப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்ப்பது தான் வரலாற்று ஆசிரியர்களின் வழி.

கடலில் நஷ்டம் இன்னும் பெரிது. ஈஸ்டர் அன்றே கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9ல் ஹெர்மஸ் விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அருகே மூழ்கியது. 307 பேர். அன்று அதில் ஒரு போர் விமானம் கூட இல்லை. அதே நாளில் ஒன்பது பிளென்ஹெய்ம்கள் யார் கண்ணிலும் படாமல் நகுமோவின் கொடிக்கப்பலான அகாகிக்கு மேலேயே போய்க் குண்டு போட்டன. பக்கத்துத் தண்ணீரில் விழுந்தது. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை.

இடையில் ஏப்ரல் 6ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழ, சென்னை நடுங்கிப் போனது. அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு மாறின, ஜனம் மூட்டை கட்டிக் கொண்டு கிளம்பியது. மிருகக்காட்சி சாலையில் சிங்கம், புலிகளைக் கூட சுட்டுக் கொன்றார்கள். சென்னை பக்கம் நகுமோ வரவே இல்லை.

வந்த வேலை முடிந்து திரும்பிய நகுமோவுக்கு மொத்த இழப்பு சுமார் 20 விமானங்கள். பார்க்க அற்பம். ஆனால் அந்த விமானங்களில் இருந்தவர்கள் வருடக்கணக்கில் பழகிய ஆட்கள், ஜப்பானிடம் அப்படிப்பட்டவர்கள் அதிகம் இல்லை. அந்த ஜூலையில் அலாஸ்கா பக்கம் அகுடான் தீவில் கிட்டத்தட்ட முழுசாக ஒரு ஜீரோ அமெரிக்கர் கையில் கிடைத்தது. அதிக வேகத்தில் அது பக்கவாட்டில் புரளத் திணறுகிறது என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்து கொண்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூன் 4ல் தொடங்கிய மிட்வே சண்டையில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் காகாவோடு சேர்ந்து போய்விட்டன. கொழும்புக்கு வந்த மற்ற இரண்டும் 1944ல் மூழ்கின.