தஞ்சோங் மாலிமில் பயத்தங்காய் நடப் போறீங்களா? முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

ஒரே விதைப் பாக்கெட்தான். ஆனால் தாமானில் உங்கள் வீட்டுப் பின்பக்கம் போட்ட பயத்தங்காய் மஞ்சளடித்து நிற்கிறது. ஆற்றோரக் கம்பத்தில் மாமா வீட்டில் அது பந்தலைத் தாண்டிப் போகிறது. உடனே உரக்கடைக்கு ஓடாதீங்க. காரணம் மண்ணிலேயே இருக்கலாம்.

மண் நயம் என்றால் என்ன?

மணல், வண்டல், களி மூன்றும் மண்ணில் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதுதான் மண் நயம். மணல் துகள் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். களித் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. வண்டல் இரண்டுக்கும் நடுவில். இந்தக் கலவையை எந்த உரமும் மாற்றாது.

பயறு வகைகளுக்கு இது ஏன் முக்கியம்?

பயறுச் செடியின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குவது அதுதான். அந்த வேலைக்கு மண்ணுக்குள் காற்றோட்டம் வேண்டும். களிமண்ணில் நீர் தேங்கினால் துளைகள் அடைபட்டு முடிச்சுகள் மூச்சு விட முடியாது. மணலில் காற்றுக்குப் பஞ்சமில்லை; ஆனால் நீரும் சத்தும் நிற்காது, வெயில் காலத்தில் பாக்டீரியாவே சாகும்.

பூக்கும் நேரத்தில் ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம்ம இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள்தான் அந்த நிறத்தைத் தருகிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. அதற்காக யூரியாவை அள்ளிக் கொட்டினால், முடிச்சுகள் இன்னும் சோம்பேறியாகிவிடும். பணமும் வீண்.

நம்ம ஊர் மண் எப்படி?

தித்திவங்சா மலையடிவாரத்தில் கருங்கல் சிதைந்து உண்டான மண்தான் அதிகம். களி நிறைய இருந்தாலும், இரும்புச் சத்து அதைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டி வைப்பதால் நீர் நன்றாக வடியும். பழைய ரப்பர் தோட்டத்து மண் இப்படித்தான். தாமான்களில் கதை வேறு: மேல்மண்ணை வழித்தெடுத்து, அடிமண்ணை இயந்திரத்தால் இறுக்கிவிடுகிறார்கள். பலர் களியைத் திட்டுகிறார்கள். உண்மையில் குற்றவாளி அந்த இறுக்கம். மேட்டுப் பாத்தி போட்டு மக்கிய உரம் கலந்தால் போதும்.

பெர்ணம் ஆற்றோரம் வண்டல். பயத்தங்காய்க்குப் பிரமாதம், வெள்ளம் வராத வரை. வடக்கே பீடோர், தாப்பா, கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் போனால் பழைய ஈயலம்ப நிலம்: ஒரு பக்கம் வெறும் மணல், தாழ்வான இடத்தில் பசை போன்ற சேறு. மணலில் கோழி எரு இல்லாமல் எதுவும் நடக்காது.

கச்சான் போடலாமா?

மண் இளக்கமாக இருந்தால் போடலாம். பூ முடிந்ததும் அதன் காம்பு மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கும். இறுகிய களியில் அது இறங்காது, இறங்கினாலும் பிடுங்கும்போது பாதி உள்ளேயே நின்றுவிடும். மணல் கலந்த மண்ணே நல்லது. ஆனால் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேரடியாக எடுப்பதால், அது இல்லாத மணலில் ஓடு மட்டும்தான் கிடைக்கும்.

தோட்டங்கள் சொல்லும் பாடம்

ஆரம்பகாலத் துரைமார்கள் ரப்பர் மரத்தடியில் ஒரு புல் இல்லாமல் சுத்தமாக வழிக்கச் சொன்னார்கள். மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போனது. பிறகுதான் கலபகோனியம், பியூரேரியா, சென்ட்ரோசீமா என்ற பயறுக் கொடிகளைக் கலந்து விதைத்தார்கள். முதலாவது வேகமாகப் படர்ந்து சீக்கிரம் மடியும்; கடைசியானது நிழலைத் தாங்கும். செம்பனை மறுநடவிலும் இன்று இதே முறைதான்.

வீட்டிலேயே சோதிக்க

கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு. நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஓரிரு நாளில். செம்மண்ணை ரொம்ப நேரம் குலுக்கணும். இல்லாவிட்டால் களி உருண்டைகள் மணல் மாதிரி அடியில் போய் உங்களை ஏமாற்றும்.

நம்ம மண்ணின் புளிப்பு போத்தலில் தெரியாது. பி.எச். அளவு பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் நடுவில் இருக்கும். அதில் ரைசோபியம் திணறும். விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்பே சுண்ணாம்புத் தூளைக் கலந்துவிடுங்கள். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை செய்து, விவசாய இலாகாவில் கேட்டுக்கொள்வது நல்லது.