கருத்திசைவு அளவீடு

தொகுதி மக்களின் கருத்தும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதியின் கருத்தும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடும் ஆய்வுமுறை கருத்திசைவு அளவீடு எனப்படும். பிரதிநிதி தொகுதியின் சொற்படி நடப்பதா, தன் அறிவின்படி முடிவெடுப்பதா என்ற கேள்வியைப் பற்றி பிரிட்டன் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் 1774இல் பிரிஸ்டல் வாக்காளர்கள் முன் பேசினார். இதை எண்களால் அளக்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டில் தொடங்கியது.

வாரன் மில்லர், டொனால்டு ஸ்டோக்ஸ் இருவரும் 1963இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு முன்னோடி. 1958ஆம் ஆண்டு அமெரிக்க வாக்காளர்களையும் காங்கிரஸ் உறுப்பினர்களையும் பேட்டி கண்டு, இரு தரப்புக் கருத்துகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். கறுப்பின மக்களின் உரிமைகள் பற்றிய கருத்தில் இசைவு கூடுதலாகவும் வெளியுறவில் குறைவாகவும் இருந்தது. இரு தரப்புக் கருத்துகளும் சேர்ந்து மாறுவதைக் காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழு உயர்ந்திருந்தாலும் இரு தரப்புக்கும் இடைவெளி பெரிதாக இருக்கலாம் என்று கிறிஸ்டோபர் ஏக்கன் 1978இல் சுட்டினார். தனித்தனி உறுப்பினரை விட்டு அவை முழுவதையும் நாட்டு மக்களோடு ஒப்பிடும் முறையை அதே ஆண்டில் ராபர்ட் வைஸ்பர்க் முன்வைத்தார்.

இந்தியாவில் ரஜனி கோத்தாரி 1963இல் தொடங்கிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் தேர்தல் ஆய்வுகள் மக்கள் கருத்தைப் பதிவு செய்கின்றன. பிரதிநிதியின் கருத்தை அறிவதுதான் கடினம். 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவி இழக்க நேரும். அதனால் அவையில் விழும் வாக்கு பெரும்பாலும் கட்சியின் நிலைப்பாட்டையே காட்டும்.

கட்சியின் நிலைப்பாடும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 2019 ஜூலையில் முத்தலாக் மசோதாவை அ.தி.மு.க. மக்களவையில் ஆதரித்தது, மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசி வெளிநடப்புச் செய்தது. பணப் பட்டுவாடா புகாரில் ரத்தான வேலூர் மக்களவைத் தேர்தல் அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 5இல் நடந்தது. ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய முஸ்லிம் வாக்காளர் மிகுந்த பகுதிகளும் அத்தொகுதியில் அடங்கும். தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வேட்பாளர், கூட்டணி, சமூகம், மசோதா எல்லாம் ஒரே வாக்கில் கலந்திருப்பதால், முடிவை மட்டும் வைத்து இசைவை அளக்க முடியாது.

இதே வேலூர் பகுதியின் பாலாற்று மாசு வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கிணறு உப்பேறி நிலம் கரம்பானவரும், ஷூ கம்பெனிச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். இரு துருவமாகப் பிரிந்த கருத்துக்குச் சராசரி எடுத்தால் அது இருவர் கருத்தும் ஆகாது. மாட் கோல்டர், ஜாசெக் ஸ்ட்ராம்ஸ்கி 2010இல் வகுத்த முறை இதற்குப் பொருந்தும். அது கருத்துகளின் முழுப் பரவலையும் அவையின் பரவலோடு ஒப்பிடுகிறது.

இதே மாசு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் ஏற்றது. இவ்வாறு நீதிமன்றம் வழியே சட்டமாகும் மக்கள் கோரிக்கை, பிரதிநிதிகளை மட்டும் அளக்கும் கணக்கில் சேருவதில்லை.