ஒதுங்கி இருந்தவரும் பதிவில் இருக்கிறார்



இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம், சமூக வலைத்தளங்களில் சேராதவர்களைப் பற்றியது. சேர்ந்தவர்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். "எனக்கு உந்தப் பேஸ்புக் ஒண்டும் வேண்டாம்" என்று ஒதுங்கிக்கொண்டவர்கள் இங்கே கேட்டியிலும் நம்மிடையே குறைவில்லை. பிள்ளைகள் அவர்களைப் பழைய பஞ்சாங்கம் என்று பகிடி பண்ணுவதும் உண்டு. ஆனால் அந்த ஒதுக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது இன்று எவ்வளவு தூரம் பலிக்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய நோக்கம்.

முதலில் எங்கள் பக்கத்தைப் பார்ப்போம். 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிப் போன கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்குப் போடுவதற்கென்று எழுதிக் கொடுத்த பெயரும் விலாசமும், எந்த வீட்டுக்குத் தீ வைப்பது என்று காட்டப் பயன்பட்டன. பின்னர் போர்க்காலத்தில் கொழும்பில் தங்கிய தமிழர்கள் பொலிசில் பதிய வேண்டியிருந்தது. 2007 யூன் 7 ஆம் திகதி, லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றிக் கொழும்பை விட்டு வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வடக்கு கிழக்கில் சுற்றிவளைப்புகளை அனுபவித்தவர்களுக்குத் 'தலையாட்டி' என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் வாய் திறக்கத் தேவையில்லை. முகத்தை மூடிய ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினால் போதும்.

இந்த மூன்றுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. ஒரு காரியத்துக்கு எழுதிய பதிவு வேறொரு காரியத்துக்குப் போய்விடும். எங்களை எங்களுக்குப் பதிலாக இன்னொருவர் அடையாளம் காட்டிவிடலாம். ஆகவே எங்கள் பெரியவர்கள் ஒரு படிவத்தில் பெயர் எழுதுமுன் இரண்டு தரம் யோசிப்பது அறியாமையால் அல்ல. ஒரு வர்த்தக நிறுவனத்தைக் கும்பலோடோ இராணுவத்தோடோ ஒப்பிடுவது என் நோக்கமல்ல. அது நியாயமும் அல்ல. பதிவு எப்படி உண்டாகிறது, யார் எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

2010 ஏப்ரல் 21 ஆம் திகதி பேஸ்புக் நிறுவனம் தன் 'லைக்' பொத்தானை மற்ற இணையத்தளங்களுக்கும் கொடுத்தது. செய்தித்தாள், கடை, சமையற் குறிப்பு என்று எல்லாப் பக்கங்களிலும் அந்தப் பெருவிரல் முளைத்தது. அதை அழுத்தினால்தானே பேஸ்புக்குக்குத் தெரியும் என்று பலர் நினைத்தார்கள். அப்படியல்ல. பக்கம் திறக்கும்போதே, அந்தப் பொத்தானின் படத்தை எடுப்பதற்காக உங்கள் கணினி பேஸ்புக்கின் கணினிக்குப் போய் வருகிறது. போகும்போது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன், என் இணைய முகவரி என்ன என்பதையும் சொல்லிவிட்டு வருகிறது. ஒரு கடைக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். வாசலில் வேறொரு முதலாளியின் ஆள் கதிரை போட்டு இருந்து, வருவோர் போவோரைக் கொப்பியில் எழுதுகிறார். அந்த முதலாளியிடம் நீங்கள் ஒரு நாளும் போனதில்லை. ஆனாலும் அவருடைய கொப்பியில் நீங்கள் இருக்கிறீர்கள்.

இதை முதலில் பெரிதாக எடுத்தவர்கள் ஐரோப்பியர்கள். 2011 ஓகஸ்டில் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம், தன் மாநில இணையத்தளங்கள் அந்தப் பொத்தானை அகற்ற வேண்டும் என்றது. 2015 நவம்பரில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. பேஸ்புக்கில் சேராதவர்களின் கணினியிலும் 2 ஆண்டுகள் தங்கக்கூடிய 'குக்கி' என்னும் சிறு அடையாளக் கோப்பு வைக்கப்படுவதை 48 மணி நேரத்தில் நிறுத்த வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 2,50,000 யூரோ தண்டம் என்று உத்தரவிட்டது. 2016 இல் மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது. பெல்ஜிய நீதிமன்றத்துக்கு அந்த நிறுவனத்தின் மேல் அதிகாரம் இல்லை என்பதே காரணம். 2018 பெப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு மறுபடியும் நிறுவனத்துக்கு எதிராக வந்தது. வழக்குகள் இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்க, பொத்தான் பரவிக்கொண்டே போனது. 2018 ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரத்தில் மட்டும் 84 இலட்சம் இணையத்தளங்களில் லைக் பொத்தான் இருந்ததாகப் பேஸ்புக்கே எழுத்தில் தெரிவித்தது. 'பிக்சல்' எனப்படும் கண்ணுக்குத் தெரியாத அதன் தம்பி 22 இலட்சம்.

அந்தத் தம்பிதான் கூடிய கவனத்துக்குரியவர். 2022 யூனில் 'தி மார்க்கப்' என்ற செய்தி நிறுவனம் அமெரிக்காவின் பெயர்பெற்ற 100 வைத்தியசாலைகளின் இணையத்தளங்களைச் சோதித்தது. அவற்றில் 33 இல் அந்தப் பிக்சல் இருந்தது. வைத்தியரைப் பார்க்க நேரம் பதியும் பொத்தானை அழுத்தியதும், அந்தச் செய்தி பேஸ்புக்குக்கும் போனது. பேஸ்புக் வேண்டாம் என்று இருக்கலாம். வைத்தியர் வேண்டாம் என்று இருக்க முடியுமா?

2025 நவம்பரில், வெளித் தளங்களில் உள்ள லைக் பொத்தானை 2026 பெப்ரவரி 10 முதல் நிறுத்துவதாக மெட்டா அறிவித்தது. பேஸ்புக் நிறுவனத்துக்கு 2021 ஒக்டோபரிலிருந்து அதுதான் பெயர். பொத்தானுக்கு விடை கொடுத்தாலும் பிக்சலைப் பற்றி அந்த அறிவிப்பில் அப்படி எதுவும் சொல்லப்படவில்லை.

அடுத்தது விலாசப் புத்தகம். எனக்கு ஒரு மாமி இருக்கிறா. பேஸ்புக் இல்லை, ஒன்றும் இல்லை. "என்ரை பேர் ஒரு இடமும் இருக்கக் கூடாது" என்பது அவவின் கொள்கை. ஆனால் அவவின் தொலைபேசி இலக்கம் 5 பெறாமக்களின் கைத்தொலைபேசிகளில் இருக்கிறது. ஒருவர் 'மாமி கேட்டி' என்று பதிந்திருப்பார், இன்னொருவர் முழுப் பெயரும் வீட்டு விலாசமும் பிறந்த நாளும் சேர்த்துப் பதிந்திருப்பார். நண்பர்களைக் கண்டுபிடிக்கிறோம் என்று ஒரு செயலி கேட்கும்போது அவர்கள் சம்மதம் கொடுத்தால், மாமியும் சேர்ந்து போய்விடுகிறா. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மாமியின் வாய் மூடியிருக்கிறது, பெறாமக்களின் தொலைபேசி திறந்திருக்கிறது.

இது கற்பனைப் பயம் அல்ல. 2013 யூனில் ஒரு மென்பொருட் பிழையால் ஏறத்தாழ 60 இலட்சம் பேஸ்புக் பயனாளர்களின் தொலைபேசி இலக்கங்களும் மின்னஞ்சல்களும் வெளிப்பட்டன. அப்போதுதான், மற்றவர்கள் ஏற்றிய விலாசப் புத்தகங்களிலிருந்து எடுத்த விபரங்கள் ஒருவரின் கணக்கோடு சேர்த்து வைக்கப்படுவது பலருக்கும் தெரிய வந்தது. 2018 ஏப்ரல் 11 இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் நியூ மெக்சிகோ உறுப்பினர் பென் லூஹான் இதைக் கேட்டார். சேராதவர்களின் தரவையும் பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரட்டுவதாக மார்க் சக்கர்பேர்க் ஒப்புக்கொண்டார். நாம் ஊருக்குப் பேசப் பயன்படுத்தும் வட்ஸ்அப்பும் அதே நிறுவனத்துக்குச் சொந்தம். 2021 செப்டெம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு வட்ஸ்அப்புக்கு 22.5 கோடி யூரோ தண்டம் விதித்தது. சேராதவர்களின் இலக்கங்களை என்ன செய்கிறோம் என்று சரியாக அறிவிக்காததும் காரணங்களில் ஒன்று.

மூன்றாவது முகம். இதில் நம் டெக்சாஸ் மாநிலம் முன்னுக்கு நிற்கிறது. 2010 இறுதியிலிருந்து பேஸ்புக், படங்களில் உள்ள முகங்களை அளந்து, இது இன்னார்தானே என்று பெயர் சொல்லத் தொடங்கியது. பழைய தலையாட்டியைக் கண்டவர்களுக்கு இது புதுமை அல்ல. படத்தில் உள்ளவர் உறுப்பினரா இல்லையா என்பது அளந்து பார்த்த பின்புதானே தெரியும்? ஆகவே சேராதவரின் முகமும் அளவுகோலுக்குத் தப்பவில்லை என்பது வாதம். டெக்சாஸில் 2009 ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருந்தது. ஒருவரின் முக அளவு, கைரேகை போன்ற உடல் அடையாளங்களை, அவருக்கு அறிவித்துச் சம்மதம் பெறாமல் வர்த்தக நோக்கத்துக்கு எடுக்கக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 டொலர் வரை தண்டம். பல ஆண்டுகள் அது உறங்கிக் கிடந்தது. 2021 நவம்பரில் பேஸ்புக் தன் முக அடையாள முறையை நிறுத்தி, 100 கோடிக்கு மேற்பட்டோரின் முகப் பதிவுகளை அழிப்பதாக அறிவித்தது. 2022 பெப்ரவரி 14 இல், மாநிலச் சட்டமா அதிபர் கென் பாக்ஸ்டன் மார்ஷல் நகரில் வழக்குத் தொடுத்தார். சேர்ந்தவர்களின் முகங்கள் மட்டுமன்றி, ஒரு நாளும் சேராத டெக்சாஸ்வாசிகளின் முகங்களும் எடுக்கப்பட்டன என்பது அந்த வழக்கின் குற்றச்சாட்டு. 2024 யூலை 30 இல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 5 ஆண்டுகளில் 1.4 பில்லியன் டொலர் கொடுக்க மெட்டா உடன்பட்டது. பணம் மாநிலத்துக்குப் போகிறது, எங்கள் கைக்கு வராது. ஆனாலும், கணக்கு இல்லாத ஒருவருக்கும் தன் முகம் சொந்தம் என்று வாதாட இடம் உண்டு என்பதை அது காட்டியது.

எங்கள் குடும்பங்களுக்கு இதனால் என்ன? ஒரு நினைவு நிகழ்வில் இங்கே எடுத்த படத்தில், ஊரில் இருக்கும் ஒருவரின் தம்பியும் நிற்கலாம். 2024 நவம்பர் இறுதியிலும், மாவீரர் வாரத்தை ஒட்டிச் சமூக வலைத்தளங்களில் இட்ட பதிவுகளுக்காக இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆட்கள் கைதானார்கள். இந்தப் பக்கத்திலும், 2019 மே 31 முதல் அமெரிக்க விசா விண்ணப்பதாரர்களிடம், முந்திய 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைத்தளப் பெயர்களைக் கேட்கிறார்கள். கணக்கு இல்லாத அம்மா இல்லை என்று எழுதலாம். ஆனால் அவவின் படத்தைப் பேரப்பிள்ளை எங்கே போட்டிருக்கிறது என்பது அவவுக்குத் தெரியாது.

சேர்ந்தவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2017 ஓகஸ்டில் ஹார்வி வெள்ளத்தில் பார்க்கர் நீர்த்தேக்கம் நிரம்பி, கேட்டிப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது, 911 கிடைக்காதவர்கள் பேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் விலாசம் எழுதித்தான் படகு கேட்டார்கள். அந்த நாட்களில் பெயரும் விலாசமும் வெளியே தெரிந்ததே உயிரைக் காத்தது. ஒரு கருவி இப்படி அத்தியாவசியம் ஆகும்போது, அதில் இல்லாதவர் மெல்ல மெல்ல வெளியே போகிறார். போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், தன்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவரின் செத்தவீட்டுக்குப் போகவில்லை. அறிவித்தல் முகநூலில் மட்டும் வந்திருந்தது. அவரால் அந்தியேட்டிக்குத்தான் போக முடிந்தது. இதுதான் இன்றைய நிலை: ஒதுங்கியவர் பதிவில் இருக்கிறார், சேதியில் இல்லை.

ஆகவே ஒதுங்கி இருப்பது ஒருவர் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய காரியம் அல்ல. சுற்றியுள்ளவர்கள் துணை நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: செயலி ஒன்று விலாசப் புத்தகத்தைக் கேட்டால் மறுக்கலாம். படம் போடுமுன் அதில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம், ஊரில் இருப்பவரின் பெயரையும் கிராமத்தையும் எழுதாமல் விடலாம். பயர்பாக்ஸ், பிரேவ் போன்ற உலாவிகளில் 'குளோபல் பிரைவசி கன்ட்ரோல்' என்ற தெரிவு இருக்கிறது. என் தரவை விற்காதே என்று ஒவ்வொரு தளத்துக்கும் அது சொல்லும். 2024 யூலை 1 இல் நடைமுறைக்கு வந்த டெக்சாஸ் தரவுச் சட்டத்தின்படி, சிறு வணிகங்கள் நீங்கலாக, 2025 ஜனவரி 1 முதல் நிறுவனங்கள் இத்தகைய அறிவிப்பை மதிக்க வேண்டும். தம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவைக் காட்டவும் அழிக்கவும் கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு.

சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவித்தல் எங்கே போட்டாலும் போடுங்கள், கூடவே தொலைபேசியிலும் சொல்லுங்கள். பட்டியல்களால் வீட்டை இழந்து வந்தவர்கள், பட்டியலில் இல்லாததால் ஒரு நண்பனின் செத்தவீட்டையும் இழக்கக் கூடாது. எங்கள் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பதும் இதற்காகத்தான். அதைக் கேட்பதற்கு யாரும் பெயர் பதிய வேண்டியதில்லை.