பெட்டி செய்கிறவனின் வரலாறு

1

ஒலிபெருக்கியின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பதெல்லாம் காந்தத்தின், கம்பிச்சுருளின், காகிதக் கூம்பின் வரலாறுதான். 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அது தொடங்கும். பிறகு நிறுவனங்களின் பெயர்களாக அடுக்கிக்கொண்டு போகும். மரப்பெட்டிக்கு அதில் உறை என்ற அளவில்தான் இடம். பெட்டியைச் செய்தவனுக்கு அதுவும் இல்லை.

பெட்டி வெறும் உறையல்ல. கூம்பு முன்னால் காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்னால் தளர்த்துகிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர்; கையகலக் கூம்பின் விளிம்பைச் சுற்றி வருவது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. வெறும் ஸ்பீக்கரில் மிருதங்கம் கேட்டுப் பாருங்கள்: வலந்தலை கேட்கும், தொப்பி காணாமல் போயிருக்கும். தொப்பியைத் திருப்பிக் கொண்டுவருவது நாலு பக்கமும் அடைத்த பலகைதான். பாதி ஒலிபெருக்கி தச்சு வேலை என்று சொன்னால் அது மிகையல்ல. பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டி செய்கிறவன் என்ற முறையில் இந்தப் பாதியின் பக்கம் நின்று பேச விரும்புகிறேன்.

2

இந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் 'என்க்ளோசர்' என்று பெயர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலத்தை வேலியிட்டுத் தனிச்சொத்தாக்கியதற்கும் அதே சொல்தான். இதை வெறும் சொல் விளையாட்டு என்று தள்ளிவிட முடியவில்லை. பெட்டிக்குள் அடைபட்டது காற்று மட்டுமல்ல, அறிவும்தான்.

பெட்டியில் துளையிட்டு, பின்பக்க ஒலியையும் பயன்படுத்திக்கொள்ளும் முறைக்கு பெல் ஆய்வகத்தின் துராஸ் 1930இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முழுக்க மூடிய சிறு பெட்டியில் காற்றையே ஸ்பிரிங்காக வைத்து அடித்தள ஒலியைக் கறந்தவர் எட்கர் வில்ச்சர். 1954இல் வெளிவந்த ஏ.ஆர்-1 அப்படிப்பட்டது. ஃபிரிட்ஜ் அளவுப் பெட்டி தந்த ஒலியைப் புத்தக அலமாரியில் வைக்கும் பெட்டி தந்தது. வில்ச்சரின் கூட்டாளி ஹென்றி க்ளாஸ், எம்.ஐ.டி. படிப்பை முடிக்காதவர். படிக்கும்போதே மரவேலைக் கருவிகள் வாங்கி, பேராசிரியர் ஒருவரும் மாணவர் ஒருவரும் வடிவமைத்த ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்துகொடுத்தவர். அமெரிக்க ஹை-ஃபையின் பெருங்கதைக்குள்ளேயே ஒரு தச்சர் உட்கார்ந்திருக்கிறார். கதை அவரைத் தொழிலதிபராகத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

வில்ச்சருக்கு 1956இல் காப்புரிமை கிடைத்தது. எலெக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனம் எதிர்த்தது. ஆர்.சி.ஏ.வின் ஆல்சனும் பிரஸ்டனும் 1949இலேயே பெற்றிருந்த காப்புரிமை காட்டப்பட்டது; வேலி நிற்கவில்லை. பிற்காலத்தில் காதுக்கருவிகளுக்காகத் தான் கண்டறிந்ததை அவர் காப்புரிமை இல்லாமலேயே பொதுவில் வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேலியை உண்மையில் பிடுங்கி எறிந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு கட்டுரை. 1961இல் நெவில் தீல் அங்குள்ள வானொலிப் பொறியாளர் சங்கத்தின் இதழில் அதை எழுதினார். ஒரு ஸ்பீக்கரின் குணத்தை மூன்று எண்களில் அடக்கலாம்: அது இயல்பாக அதிரும் அலைவெண், அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்ற கணக்கு, அதன் தொங்கலின் விறைப்புக்கு ஈடான காற்றின் கொள்ளளவு. இவை தெரிந்தால் பெட்டி எத்தனை லிட்டர், குழாய் எத்தனை அங்குலம் என்று காகிதத்திலேயே சொல்லிவிடலாம். அதுவரை வெட்டி வெட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கட்டுரை பரவலாகக் கவனம் பெற்றது பத்து வருஷம் கழித்து, 1971இல், அமெரிக்க இதழொன்று மறுபதிப்புச் செய்த பிறகுதான். விளிம்பில் சொல்லப்பட்டது மையத்தில் அச்சேறினால்தான் அறிவாகும் போலிருக்கிறது. சிட்னியில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1972–73இல் அதை விரிவுபடுத்தினார். இன்று ஸ்பீக்கர் வாங்கினால் பெரும்பாலும் கூடவே இந்த எண்களும் கிடைக்கின்றன. எந்தத் தெருவில் இருப்பவனும் கணக்குப் போடலாம்.

3

கணக்கு மட்டும் போதுமா? போதாது. கணக்கில் பெட்டியின் சுவர் அசைவதில்லை; நிஜத்தில் பலகை அதிரும், பலகையும் பாடும். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, சுவரை அசையவே விடாமல் கனமாக்குவது. வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ் இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே மணலைக் கொட்டினார். இன்னொன்று பி.பி.சி.யின் வழி: சுவரை மெல்லியதாக வைத்து, உட்புறம் அதிர்வை உறிஞ்சும் பட்டைகளை ஒட்டுவது. ஹார்வுட் என்பவரும் சகாவும் 1977 ஆய்வறிக்கையில் இதற்குக் காரணம் சொன்னார்கள். கனத்த சுவரும் அதிரத்தான் செய்யும், ஆனால் காது கூர்மையாகக் கேட்கும் இடத்தில் அதிரும். மெல்லிய சுவரின் அதிர்வு கீழே இறங்கிவிடும், அடக்குவதும் சுலபம்.

பி.பி.சி.யின் எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு பெட்டி 12 மி.மீ. பிர்ச் ஒட்டுப்பலகையில் ஆனது. உள்ளே மூலைகளில் வரும் சட்டங்கள் பீச் மரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. வேறொரு மென்மரத்தில் சட்டம் போட்டபோது ஒலி மாறியது; பீச்சுக்கே திரும்பினார்கள். சூத்திரத்தில் இல்லாத ஒன்றை மரம் வைத்திருக்கிறது. அதை முதலில் அறிவது கை.

4

இனி அந்தக் கை யாருடையது என்ற கேள்வி. 1954இல் பிரிக்ஸ் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலை வாடகைக்கு எடுத்து, நேரடி இசையையும் தன் பெட்டிகளின் இசையையும் மாறிமாறிக் கேட்கவைத்தார். ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்டார்கள். 1948இலிருந்து அவர் எழுதிய நூல்களும், 1962இல் பெட்டிகளுக்கென்றே எழுதிய நூலும் அந்நாட்டு நடுத்தர வர்க்க ஆண்களைப் பட்டறைக்கு அனுப்பின. 'ஹாபி' என்ற சொல் அங்கே கௌரவத்தோடு உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வருஷம், 1955இல், அதே லண்டனின் லாட்ப்ரோக் குரோவ் பகுதியில் டியூக் வின் என்ற ஜமைக்காக்காரர் தன் 'சவுண்ட் சிஸ்ட'த்தைத் தொடங்கினார். நிறத்தைக் காட்டிப் பல க்ளப்புகள் கதவை மூடிய காலம். கறுப்பின மக்கள் வீடுகளின் நிலவறைகளில் கூடி ஆடினார்கள். பெட்டிதான் அவர்களுடைய அரங்கம்.

இதன் வேர் கிங்ஸ்டன் நகரில் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையில் ராடார் வேலை கற்றுத் திரும்பிய ஹெட்லி ஜோன்ஸ், 1940களின் இறுதியில் டாம் வாங் என்பவருக்கு ஆம்ப்ளிஃபையர் கட்டிக்கொடுத்தார். அலமாரி உயரத்துக்கு எழும்பிய பெட்டிகளுக்குப் பின்னாளில் 'ஹவுஸ் ஆஃப் ஜாய்' என்று பெயர் வந்தது. ஸ்டூடியோ ஒன் நிறுவிய காக்ஸோன் டாட் மரவேலையும் கற்றவர். பெட்டி ஏன் அவ்வளவு பெரிது? வீம்புக்காக அல்ல. அறைக்குள் சுவரும் மூலையும் அடித்தள ஒலிக்குக் கைகொடுக்கும். திறந்தவெளியில் உதவ யாருமில்லை. எல்லாவற்றையும் பெட்டியே செய்தாக வேண்டும். இது சுத்தமான ஒலியியல். ஆனால் ஹை-ஃபை சொல்லாடலில் இதற்குப் பெயர் இரைச்சல்.

ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே ஆண்டு, அதே பலகை, அதே ஆணி. ஒருவன் செய்தால் ரசனை, இன்னொருவன் செய்தால் சத்தம். 'ஹை-ஃபை' என்றால் மூலத்துக்கு விசுவாசம். எந்த மூலத்துக்கு, எந்த அறையில், யார் காதுக்கு என்ற கேள்விகளை அந்தச் சொல் எழுப்ப விடுவதில்லை.

5

இந்தப் பிரிவினை நம் வீட்டுத் திண்ணையிலும் இருக்கிறது. எனக்குப் பெரிய பலகைகளை அறுத்துக்கொடுக்கும் தச்சர் ஒருநாள் கேட்டார்: "காசு குடுத்தா நாங்களே செஞ்சு தர மாட்டமா சார், நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க?" பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். "பிடிச்சிருக்குன்னு நாங்க சொன்னா யாரு கூலி குடுப்பா?"

இதற்கு மேல் கோட்பாடு தேவையில்லை என்று நினைக்கிறேன். இழைப்புளி ஒன்று, மூலைமட்டம் ஒன்று. நான் பிடித்தால் அது அந்நியமாதலிலிருந்து விடுதலை. அவர் பிடித்தால் சாதித்தொழில், தினக்கூலி. கை உழைப்பை இழிவென்று ஒதுக்கிவைத்த ஒரு சமூகத்தில், அதே உழைப்பை ஓய்வுநேரத்தில் ருசிக்கக் கற்றுக்கொண்ட வர்க்கம் உருவாகியிருக்கிறது. நான் அதைச் சேர்ந்தவன். அதற்காகப் பெட்டி செய்வதை நிறுத்தப் போவதில்லை. கடையில் லட்சக்கணக்கில் விற்கும் பெட்டியின் மர்மத்தை நாலு பலகையும் மூன்று எண்களும் உடைத்துவிடுகின்றன. அது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்த உடைப்பு நிறுவனத்திடமிருந்து எனக்கு வந்து என்னோடு நின்றுவிட்டால் வேலியை நகர்த்தி நட்டதாகத்தான் ஆகும்.

ஆகவே ஒரு வேலைத்திட்டம். தீலின் கணக்கைத் தமிழில் எழுத வேண்டும், தச்சுப் பட்டறையில் புழங்கும் சொற்களிலேயே. அங்குலக்கணக்குத் தெரிந்தவருக்கு அது கஷ்டமே இல்லை. கூடவே எதிர்த்திசையிலும் ஒரு வேலை இருக்கிறது: எந்த மரம் எப்படி அதிரும், எந்த இணைப்பு எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று பட்டறைகள் வாய்வழியாக வைத்திருக்கும் அறிவைப் பெயரோடு பதிவுசெய்ய வேண்டும். ஒலிபெருக்கியின் வரலாற்றில் காணாமல் போயிருக்கும் பாதியை அங்கிருந்துதான் எழுத முடியும்.